புவனா கண் அயர்ந்த இடம்

வீடு கட்டுகிற தொழிலுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் என் முற்றத்துக்கு வந்தால் முதலில் கேட்பது அந்த மலை வீட்டைப் பற்றித்தான். பழுகாமத்தைத் தாண்டி மேற்கே போனால், கற்பாறையின் தோளில் சாய்ந்துகொண்டு நிற்கிற வீடு. கண்ணாடியும் ஓடுமாக, தூரத்தில் இருந்து பார்த்தால் வீடு எது பாறை எது என்று தெரியாது. போனவர்கள் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டுவார்கள். வீட்டுக்குள்ளே ஏன் அப்படி ஒரு வாய்க்கால், அது யாருடைய யோசனை என்று கேட்பார்கள். படம் வரைந்தவன் சுதன் என்ற இஞ்சினியர் தம்பி. கட்டினவள் நான். ஆனால் அந்த வாய்க்கால் எங்கள் இரண்டு பேருடைய யோசனையும் இல்லை. அதைத்தான் சொல்லப் போகிறேன். மெதுவாகத்தான் சொல்வேன். நான் ஒரு சுவரையும் அவசரமாக எழுப்பினவள் இல்லை.

எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ்ஸில் ஊர்ப் பெயர் வாசிக்கவும் தெரியும். மிச்சத்தை நான் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். அழகுக்கு ஏதும் சேர்த்தாள் என்றால் அது அவளுடைய பூச்சு. உள்ளே இருக்கிற கல் என்னுடையது. சூறாவளி அடித்து ஊரெல்லாம் கூரை இல்லாமல் கிடந்தபோது மண் சுமக்கப் போனவள் நான். மண் சுமந்த கை பிறகு மேசன் கரண்டி பிடித்தது. அதற்கும் பிறகு ஆட்களை வைத்து வேலை வாங்கியது. எங்கள் பக்கத்தில் தொழில் தெரிந்த தலைவனைப் பாஸ் என்பார்கள். ஆம்பிளைகளுக்கு வைக்கிற பெயர். எனக்கும் வைத்தார்கள், பாஸ் அக்கா என்று. நான் கேட்டு வாங்கவில்லை.

யோகராசா முதலாளி கல்குடாவில் ஐஸ் போடுகிற இடம் வைத்து மீன் வியாபாரம் செய்தவர். அவருக்கும் அவருடைய மனைவி புவனாவுக்கும் கடற்கரையில் ஒரு கல்வீடு கட்டிக் கொடுத்திருந்தேன். சுனாமி அதைக் கொண்டுபோனது. சுவரைக் கொண்டுபோனது, ஓட்டைக் கொண்டுபோனது. அத்திவாரத்தைக் கொண்டுபோகவில்லை. இப்போதும் போய்ப் பாருங்கள், மணலுக்குள் நிற்கிறது.

ஆனால் அந்த வீட்டுக்குள் புவனாவின் தங்கச்சி இருந்தாள். தாய் இல்லாத பிள்ளை. புவனா இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அறைக்குள் நின்று சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தண்ணீர் வந்து அடித்த அடியில் அறைக் கதவு இறுகிவிட்டது, பிள்ளை வெளியே வர ஏலவில்லை. புவனா வெளியே கிணற்றடியில் நின்றாள். கடல் எழும்பி வருவதைக் கண்டாள். பிறகு அவளுக்கு நினைவு இல்லை. கண் விழித்தது ஆஸ்பத்திரியில்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. சாய்ந்தால் உடனே எழும்பிவிடுவாள். தண்ணீர் தெரிகிற இடத்தில் இருக்கவும் மாட்டாள். மட்டக்களப்பில் தண்ணீர் தெரியாத வீடு ஒன்று தேடிப் பாருங்கள், அப்போது தெரியும் முதலாளி பட்ட பாடு. கடலோடு சேர்ந்த வாவி சுற்றிக் கிடக்க, பாலம் கடக்காமல் ஒரு கலியாண வீட்டுக்குப் போக ஏலாத பட்டினம் இது. கடைசியில் மதில் உயர்ந்த ஒரு ஒழுங்கைக்குள் வாடகைக்கு இருந்தார்கள். பாலத்தால் கார் போகும்போது அவள் சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொள்வாள்.

பிறகு சண்டை. அந்த வருடங்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. சண்டை முடிந்து, வாவிக்கு மேற்கே படுவான்கரை ரோடு திறந்த பிறகு ஒரு நாள் முதலாளி என்னிடம் வந்தார். புவனாவின் தாய்க்குச் சீதனமாக வந்த காணி ஒன்று இருந்தது. கீழே வயல் வட்டை, மேலே ஒரு பாறை மலை. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். ஆம்பிளை எவ்வளவு பெரிய முதலாளியாக இருந்தாலும் அவன் மனைவியின் வீட்டில்தான் குடியிருக்கிறான். அதனால் அந்த மலையில் வீடு வேண்டும் என்று சொல்லவேண்டியவள் புவனா. அவளோ காரை விட்டு இறங்கவில்லை.

முதலாளி தன் ஆசையை எல்லாம் சொன்னார். கொழும்பில் பெரிய ஹோட்டல்களில் இருக்கிற மாதிரி வேண்டுமாம். சுவருக்குச் சுவர் கண்ணாடி, குளிக்கிற அறையில் இருந்து பார்த்தால் காடு தெரிய வேண்டும், நீச்சல் குளம் ஒன்று வேண்டும். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் காருக்குள் இருந்தவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கிட்டப் போய் உனக்கு என்ன வேணும் புள்ள என்று கேட்டேன்.

"எனக்கு வாவி தெரியக்கூடா அக்கா. ஒரு நாளாவது நித்திரை கொள்ளவேணும். வேற ஒண்டும் வேணா."

முதலாளி என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போய், இந்த வீட்டிலும் அவள் இருக்கமாட்டாள் என்றால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு இந்த நாட்டை விட்டே போகப் போவதாகச் சொன்னார். சொல்லும்போது அவர் அழவில்லை. கையில் இருந்த கார்ச் சாவியை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அன்றைக்கு அந்த மனிதருக்காகத்தான் வேலையை ஒத்துக்கொண்டேன்.

மலை என்றால் மலைநாட்டுக்காரர் சிரிப்பார்கள். யானை ஒன்று படுத்துக் கிடக்கிற மாதிரி ஒரு பாறை. அதன் முதுகில் ஏறினால் கிழக்கே வயல் வட்டை, அதற்கு அங்கால் வாவி வெள்ளிக் கம்பி மாதிரி. மேற்கே காடு. பாறை வெடிப்புகளில் பாலை மரமும் வீரையும் வேர் விட்டிருக்கும். காற்று அங்கே ஒரு நாளும் நிற்காது. கண்ணிவெடி எடுத்தவர்கள் நட்டுவிட்டுப் போன சிவப்புத் தடிகள் சில இன்னும் நின்றன. உச்சியில் பழைய காவலரண் ஒன்று, அதைச் சுற்றி மண்மூட்டைகள். மூட்டைகளில் புல் முளைத்திருந்தது. அவற்றை நான் கழிக்கவில்லை, எதற்கும் உதவும் என்று ஒரு பக்கம் அடுக்கி வைத்தேன்.

சுதன் தம்பியின் முதல் படத்தில் பாறையின் தோளை வெடி வைத்துத் தட்டையாக்கி, அதன் மேல் வீடு. அவனைக் குறை சொல்லமாட்டேன். சமதரையில் பிறந்தவன், சமதரையில்தான் யோசிப்பான். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் நின்றபோது முதல் கல் லொறி வந்து பாறையடியில் கல்லைக் கொட்டியது. பெரிய சத்தம். கீழே வட்டைக்குள் புல் பிடுங்கிக்கொண்டு நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குப்புற விழுந்தார்கள். ஒருத்தி பக்கத்தில் நின்றவளை இழுத்து அவள் மேல் கவிழ்ந்து படுத்தாள். கொஞ்ச நேரம் வயலில் ஒருவரும் இல்லை, பயிர் மட்டும் ஆடியது. பிறகு ஒவ்வொருத்தியாக எழும்பி, சேற்றைத் துடைத்து, ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். அதில் ஒருத்தி எங்களைப் பார்த்துக் கத்தினாள்.

"கல்லக் கொட்ட முந்தி ஒரு சத்தம் வையுங்க மக்காள். எங்கட சீல எல்லாம் சேறு."

சுதன் வயலைப் பார்த்தான். படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான். அடுத்த முறை வந்தபோது வெடியில்லாத படம் ஒன்றோடு வந்தான். பாறை இருக்கிற இடத்தில் இருக்கும், வீடுதான் அதற்கு வளைந்து கொடுக்கும். அந்த நாளில்தான் அவன் நல்ல இஞ்சினியர் என்று எனக்குத் தெரிந்தது. நீங்களும் ஒரு இடத்துக்கு முதல் லொறி போகும் முன்னே அந்த இடத்தின் காலடியில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். மண்ணைச் சோதிக்க ஆள் இருக்கிறது. அதைச் சோதிக்க நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

இனிக் கயிறு. படம் எனக்கு வாசிக்க வராது என்பதால் நான் கயிற்றால் வீடு போடுவேன் என்று சிலர் சொல்வார்கள். படம் எனக்கு நன்றாக வாசிக்க வரும். வாசிக்க வராதவர்கள் வீட்டுக்காரர்கள். கடதாசியில் ஒரு பெட்டியைக் காட்டி இது உங்கள் படுக்கையறை என்றால் அவர்கள் தலையாட்டுவார்கள். அதையே நிலத்தில் ஆப்பு அடித்துக் கயிறு கட்டி, பாயைப் போட்டு, படுத்துப் பாருங்கள் என்றால் உண்மை தெரிந்துவிடும். குசினிக் கயிற்றுக்குள் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைக்கச் சொல்வேன். கயிற்று வாசலால் மட்டும்தான் உள்ளே வரலாம், கயிற்றைத் தாண்டக்கூடாது. பெரிய ஆட்களெல்லாம் வெட்கப்படுவார்கள், பிறகு பிள்ளைகள் மாதிரி விளையாடுவார்கள். யோகராசா முதலாளி கயிற்றுக் குளியலறைக்குள் நின்று துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவைத் தட்டிவிட்டு வாங்க என்று எங்களுக்கே சொன்னார்.

புவனாவை ஒரு வழியாக மேலே கூட்டி வந்தோம், மேற்குப் பக்கத்தால், வாவி தெரியாத பாதையால். கோடை நாள். காய்ந்த புல் வாசம். கயிற்று வீட்டுக்குள் படுக்கையறை என்று நாங்கள் கட்டிய இடத்தில் பாய் போட்டிருந்தது. அவள் அதில் படுக்கவில்லை. பாயைச் சுருட்டிக் கையில் எடுத்தாள். கயிற்றைத் தாண்டினாள். பாறையின் இரண்டு தோளுக்கும் நடுவே ஒரு மடிப்பு இருந்தது, தாயின் மடி மாதிரி உள்வாங்கின இடம். அங்கே புல் பச்சையாக இருந்தது. ஒரு நாவல் மரம் நின்றது. அதன் பக்கத்தில் பாயை விரித்து, கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள்.

நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டோம். வெயில் பாறையில் நகர்ந்து நகர்ந்து போனது. நாவல் மர நிழல் அவளுடைய காலில் தொடங்கித் தோள் வரைக்கும் ஏறியது. ஒரு பொன்வண்டு பாய் விளிம்பில் வந்து இருந்து பார்த்துவிட்டுப் போனது. முதலாளி கிட்டப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தவரின் முகம் கோவிலில் கற்பூரம் காட்டும்போது நிற்கிறவரின் முகம் மாதிரி இருந்தது.

"நித்திரை கொள்ளுறா அக்கா. மூச்சுச் சத்தம் கேட்குது."

அன்று பொழுது சாயும் வரைக்கும் அவள் எழும்பவில்லை. அன்று ஆட்களுக்கு வேலை இல்லை என்றேன். ஆட்களும் ஆளுக்கொரு மர நிழலில் படுத்தார்கள். முழு மலையும் நித்திரை கொண்டது. எழும்பியவள் சொன்னது ஒன்றுதான், இந்த இடம் குளிராக இரிக்கு என்று.

ஆப்பை எல்லாம் பிடுங்கினோம். வீட்டை அந்த மடிப்புக்குக் கொண்டு போனோம். அவள் படுத்த இடமே வீட்டின் நடுக்கூடம். அதற்கு ஒரு பக்கம் படுக்கையறை, மறுபக்கம் குசினி. நாவல் மரத்தை முற்றத்தில் விட்டோம். மலைப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, நடுவில் தள்ளித் திறக்கிற ஒரு கண்ணாடிக் கதவு, அவளுக்குப் பாறையும் மரமும் தெரியட்டும் என்று. வாவிப் பக்கம் கல்லுச் சுவர், அதில் முதிரைப் பலகையில் ஒரு இரட்டைக் கதவு, அது எப்போதும் பூட்டியிருக்கும். குளிக்கிற அறையின் ஒரு சுவர் பாறைதான், தொட்டால் உயிருள்ளது மாதிரி இருக்கும். முதலாளியின் நீச்சல் குளத்தைப் பற்றி மட்டும் புவனா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அந்தப் பேச்சை அதோடு விட்டார்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். மலைச் சரிவில், மடிப்புக்கு நடுவே, கோடையிலும் பச்சையாக இருக்கிற புல். ஏன் அந்த இடம் குளிராக இருந்தது?

நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. நான் வாவிக் கரையில் பிறந்தவள், சுதன் களுவாஞ்சிகுடியில் பிறந்தவன், முதலாளி கடற்கரை. எங்களுக்குத் தண்ணீர் என்றால் கீழே இருந்து ஏறுவது. வாவி ஏறும், கடலுக்கு முகத்துவாரம் வெட்டினால் இறங்கும். கடல் ஏறியதையும் கண்டோம். ஆகவே நாங்கள் எல்லோரும் கிழக்கையே பார்த்துக்கொண்டு வீடு கட்டினோம். வாவிப் பக்கம் அத்திவாரத்தை ஆளுயரத்துக்கு எழுப்பினேன். சுதன் இன்னும் கொஞ்சம் எழுப்பலாம் அக்கா என்றான், எழுப்பினேன். சுனாமி இன்னொரு தரம் வந்தாலும் என் படியில் கால் வைக்க ஏலாது என்று ஆட்களிடம் பெருமை பேசினேன். மலைப் பக்கம் தண்ணீர் ஓட ஒரு சின்னக் கான் போட்டதோடு சரி. தண்ணீர் மேலே இருந்தும் வரும் என்று யோசிக்கிற பழக்கம் எங்களில் எவருக்கும் இல்லை. மலைநாட்டில் பிறந்த ஒரு சின்னப் பிள்ளையை அங்கே நிறுத்தியிருந்தால் பார்த்தவுடன் சொல்லியிருக்கும்.

மாரி வந்தது. கூரை போட்டாயிற்று, கண்ணாடி பூட்டியாயிற்று, தரை மினுக்கியாயிற்று. தையில் புது வீட்டில் குடிபுகுகிற குடிபூரல் என்று நாள் வைத்திருந்தார்கள். அதற்கு முந்தி வீட்டை ஒரு தரம் பார்க்க முதலாளியும் புவனாவும் வந்தார்கள், சுதனும் நானும் ஆட்களோடு அங்கே நின்றோம். வந்த அன்றே மழை தொடங்கியது, விடாத மழை. கீழே வீதிக்கு மேலால் தண்ணீர் போனது, கார் திரும்ப ஏலாது. ஆட்கள் குசினிக்குள் சமைத்தார்கள். புவனா நடுக்கூடத்தில் பாயைப் போட்டுக் கண்ணாடிக்கு அங்கால் மழை பெய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழைத் தண்ணீர் அவளை ஒன்றும் செய்யவில்லை. எனக்கு நெஞ்சுக்குள் ஒரு சந்தோசம், இவள் இருக்கப் போகிறாள் என்று.

மத்தியானம் திரும்பும் நேரம், மேலே இருந்து ஒரு சத்தம். நிறைய லொறிகள் ஒன்றாக வருகிற மாதிரி. புவனா எழும்பி நின்றாள். அந்தச் சத்தத்தை அவள் முந்திக் கேட்டவள்.

பாறையின் மேல் முதுகில் நின்ற மழைத் தண்ணீர் முழுவதும் சேர்ந்து அந்த மடிப்பால் வந்தது. செம்மண் நிறம். நாவல் மரத்தைச் சுற்றி நுரைத்து வந்து கண்ணாடியில் மோதியது. அதற்குப் போக இடம் இல்லை. அதன் பாதையின் நடுவில் என் வீடு நின்றது.

ஆட்கள் பழகினவர்கள். ஒருவரும் சொல்லாமலே ஓடிப்போய் அந்தப் பழைய மண்மூட்டைகளைத் தூக்கி வந்து கண்ணாடியடியில் உள்பக்கமாக அடுக்கினார்கள். சண்டைக் காலத்தில் கற்ற வேலை, கை தானாகச் செய்தது. அணை மாதிரி நன்றாகவே நின்றது. தண்ணீர் அதற்குப் பின்னால் முழங்கால் அளவுக்கு ஏறியது, பிறகு இடுப்பளவுக்கு. கண்ணாடியில் ஒரு நெளிவு தெரிந்தது. முதலாளி புவனாவின் கையைப் பிடித்து இழுத்தார், அவள் அசையவில்லை. இன்னும் மூட்டை கொண்டு வா என்று ஒருவன் கத்தினான்.

நான் சுதனைப் பார்த்தேன். கண்ணாடி தாங்குமா தம்பி என்றேன். அவன் பொய் சொல்லவில்லை. எவ்வளவு ஏறும் எண்டு தெரியாம நான் எப்படி அக்கா சொல்லுற என்றான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஆபத்து வரும்போது கைக்கு முதலில் வருவது பழகின வேலை. அது போன ஆபத்துக்கான வேலை. துவக்குச் சூட்டுக்கு மூட்டை நிற்கும். தண்ணீருக்கு மூட்டை நின்றால், தண்ணீரும் அதோடு நிற்கும், உயர்ந்துகொண்டே நிற்கும். உடைந்தால் முழுவதும் ஒரே அடியாக வரும், கண்ணாடித் துண்டுகளோடு. அந்தக் கூடத்தில் நிற்பது யார் என்று பார்த்தேன். மினுக்கின தரையைப் பார்த்தேன். அந்தத் தரைக்கு நான் என் கையாலேயே மெருகு போட்டிருந்தேன்.

மூட்டையை எடுங்கடா என்றேன். ஆட்கள் எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். இல்லை, பொறுங்கள் என்றேன், முதலில் வாவிப் பக்கத்துக் கதவைத் திறக்க வேண்டும். போகிற வழி திறந்த பிறகுதான் வருகிற வழியைத் திறக்க வேண்டும், மாறித் திறந்தால் கூடமே தொட்டியாகிவிடும்.

கதவின் சாவி முதலாளியிடம் இருந்தது. அவர் சட்டைப் பையைத் தடவித் தடவிப் பார்த்தார். புவனா அவருடைய பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். கூடத்தைக் கடந்து போய் முதிரைக் கதவின் பூட்டைத் திறந்தாள். மழையில் ஊதியிருந்த பலகை வரவில்லை. அவள் காலை நிலையில் முட்டுக் கொடுத்து, முழு உடம்பாலும் இழுத்தாள். நானும் போய் மறு கதவைப் பிடித்தேன். இரண்டும் திறந்தன. கதவுக்கு அங்கால் மழைக்குள் வயல், வயலுக்கு அங்கால் வாவி. அவள் அதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"இந்தக் கதவ இனி ஆரும் பூட்டக்கூடா."

பிறகுதான் மூட்டையை ஒவ்வொன்றாக இழுத்தோம், மலைப் பக்கக் கண்ணாடிக் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தோம். தண்ணீர் உள்ளே வந்தது. பாய்ந்து வரவில்லை, விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி ஒதுங்கி ஒதுங்கி வந்தது. பிறகு முழங்கால் அளவில் கூடம் நிறைந்து ஓடியது. நாவல் இலை, சுள்ளி, ஒரு தவளை, ஆட்களுடைய ஒற்றைச் செருப்பு எல்லாம் முதிரைக் கதவு வாசலால் போய், படியில் விழுந்து, வட்டைக்கு இறங்கியது. சத்தம் மாறிவிட்டது. லொறிச் சத்தம் போய் ஆற்றுச் சத்தம் வந்தது.

புவனா குசினிப் பக்கத்துப் படியில் ஏறி உட்கார்ந்தாள். கால் இரண்டும் தண்ணீருக்குள். முதலாளி பக்கத்தில் நின்று, நாளைக்கே வித்திடுவம் புவனா, வித்திட்டுப் போயிடுவம் என்று சொல்லிக்கொண்டே நின்றார். அவள் கேட்டாளோ தெரியாது. மேலே இருந்து வருவதைப் பார்த்தாள், தலையைத் திருப்பிக் கீழே போவதைப் பார்த்தாள். மறுகா மேலே, மறுகா கீழே. மழை விட்டு, தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கி, பிறகு தரையில் ஒரு மெல்லிய தோலாகி, பிறகு இல்லாமல் போகும் வரைக்கும் அப்படியே இருந்தாள். கடைசி நூல் படியால் இறங்கினதும் வாயைத் திறந்தாள்.

"வந்த தண்ணிய அண்டைக்குக் கண்டன் அக்கா. அது போனத நான் காணல்ல. இண்டைக்குத்தான் காணுறன்."

முதலாளி விற்கிற பேச்சை விட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வெயில் வந்த பிறகு சுதன் சரியான வேலையைத்தான் சொன்னான். மேலே ஒரு தடுப்புச் சுவர் கட்டி, தண்ணீரை வீட்டைச் சுற்றித் திருப்பிவிடலாம். நல்ல வேலை, பயமில்லாத வேலை. நானும் அதைத்தான் செய்திருப்பேன். புவனா வேண்டாம் என்றாள். அந்தத் தண்ணீர் அந்த வழியால் எத்தனை காலமாகப் போகிறதோ, அது போகட்டும், தன் கண்ணுக்கு முன்னால் போகட்டும் என்றாள். வீடு அவளுடையது. சொல்லும் அவளுடையது.

சுதன் ஒரு கிழமை முழுக்க அந்தக் கூடத்தில் உட்கார்ந்து யோசித்தான். பிறகு நாங்கள் என் மினுக்கின தரையை நடுவால் வெட்டினோம். அலவாங்குக் கம்பியின் முதல் அடி விழும்போது நான் வேறு பக்கம் பார்த்தேன். மலைப் பக்கக் கண்ணாடியைத் தரையில் இருந்து உயர்த்தி, அதன் கீழால் தண்ணீர் வர வழி விட்டோம். மரம் கொடி வந்து அடைக்காமல் மேலே கம்பி வேலி. அளவுக்கு மிஞ்சி வருகிற தண்ணீருக்கு மட்டும் பக்கத்தால் ஒரு கான். கூடத்துக்கு நடுவே பாறைப் பலகை பதித்த வாய்க்கால், படுக்கையறையில் இருந்து குசினிக்குப் போக ஒரு மரப்பாலம். முதிரைக் கதவைக் கழற்றி அந்தப் பாலத்துக்குப் பலகையாகப் போட்டோம். கதவு இருந்த வாசலில் இப்போது ஒன்றும் இல்லை. அந்த வாசலால் வாவி தெரியும்.

குடிபூரலில் முதலாளி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

"ஒரு சின்னக் குளம் கேட்டன், தரமாட்டன் எண்டா. இப்ப ஆத்தையே வீட்டுக்குள்ள விட்டிரிக்கா."

இயற்கையோடு சேர்ந்த வீடு என்று இப்போது எல்லோரும் பேசுகிறீர்கள். மரத்தை வெட்டாமல் விடுவது, பாறையைச் சுவராக்குவது, பெரிய யன்னல் வைப்பது, எல்லாம் நல்லதுதான், நாங்களும் செய்தோம். ஆனால் அது நாங்கள் இயற்கையைப் பார்ப்பதற்குச் செய்த வேலை. அந்த இடத்துக்கு ஒரு வேலை இருக்கிறது, நாங்கள் வருவதற்கு முந்தியே அது அதைச் செய்துகொண்டிருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் ஒரு இடத்தில் படுத்து நிம்மதியாகக் கண் அயர்ந்தால் வீட்டை அங்கே வையுங்கள். ஆனால் அந்த இடம் ஏன் அவருக்குச் சுகமாக இருக்கிறது என்று ஒரு மாரி முழுவதும் இருந்து பாருங்கள். தண்ணீருக்குப் பயந்தவளுக்கு நித்திரை கொடுத்தது தண்ணீரின் படுக்கை. அது எங்களுக்குத் தெரிந்திருந்தால் அவளை அங்கே படுக்க விட்டிருக்கமாட்டோம். தெரியாமல் இருந்ததும் நல்லதுதான் என்று சில நேரம் நினைப்பேன். அதை உங்களுக்குப் பாடமாகச் சொல்ல ஏலாது.

கோடையில் போனால் அந்த வாய்க்கால் காய்ந்து கிடக்கும். புவனா மத்தியானத்தில் அதற்குள் பாய் போட்டுப் படுத்திருப்பாள், பாறைப் பலகை குளிரும். மாரியில் நான் போவதில்லை, முழங்கால் விடாது. ஆனால் ஒவ்வொரு மாரியிலும் மலையில் முதல் தண்ணீர் இறங்குகிற நாளில் போன் வரும். மருமகள் என் காதில் வைப்பாள். முதலில் ஆற்றுச் சத்தம் கேட்கும். பிறகு புவனாவின் குரல்.

"பாஸ் அக்கா, தண்ணி வந்திட்டு."

நான் சரி புள்ள என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். வேலை என்ன வேலை, முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பதுதான். எங்கள் பக்கத்தில் மழை விடும். வேலியில் தண்ணீர் சொட்டும். மருமகள் சாப்பிடக் கூப்பிடுவாள், பொறு என்பேன். மற்றப் போனும் வர வேண்டும். அதில் அவள் அதிகம் பேசமாட்டாள், குரலில் பாதி நித்திரை இருக்கும்.

"போயிட்டு அக்கா."

அதைக் கேட்ட பிறகுதான் நான் எழும்பிச் சாப்பிடப் போவேன்.